கைராசி டொக்டர் லீவில் போன இரவு: மருத்துவ நிலையங்களின் தரப் பரிசோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்

இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் 103 பாகைக்கு ஏறுகிறது. வீட்டுப் பெரியவருக்கு முட்டு வந்து இரைகிறது. மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி விரலில் ஆழமாக இறங்கிவிடுகிறது. வார்ட்டில் மறிக்கும் அளவுக்குப் பெரிய வருத்தம் என்று சொல்லவும் முடியாது, விடியட்டும் என்று பொறுக்கவும் முடியாது. அந்த நேரத்தில் நாம் ஓடிப்போய் நிற்கும் இடங்களைத்தான் அவசர ஆரம்ப மருத்துவ சேவை என்கிறார்கள்.

கொழும்பில் இப்படியான இடங்கள் பல வகை. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இரவு வரை திறந்திருக்கும் டிஸ்பென்சரி, கொட்டாஞ்சேனையில் விடிய விடிய விளக்கெரியும் மெடிக்கல் சென்டர், தனியார் ஆஸ்பத்திரிகளின் ஓ.பி.டி., மாநகர சபையின் இலவச டிஸ்பென்சரி, பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு. இவற்றில் எதற்குப் போவது என்று முடிவெடுக்க நம்மில் பலர் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கைராசி. “அந்த டொக்டரிட்ட ஒரு நேர மருந்தோட காய்ச்சல் நிண்டுடும்” என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்னால் போதும், அடுத்த முறை ஆட்டோ அங்கேதான் போகும்.

கைராசியை நான் குறைத்துப் பேச வரவில்லை. நோயாளியை நிமிர்ந்து பார்த்து, இரண்டு வார்த்தை கேட்டு, பொறுமையாகப் பதில் சொல்லும் டொக்டர் ஒரு பெரிய வரம். ஆனால் அந்த டொக்டர் லீவில் போன இரவில், அவரது கதிரையில் முன்பின் தெரியாத ஒருவர் இருக்கும்போது, அதே இடம் நமக்குப் பாதுகாப்பானதா? மருத்துவ நிலையமொன்றைத் தரப் பரிசோதனை செய்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். டொக்டரின் கெட்டித்தனத்தைவிட, யார் கடமையில் இருந்தாலும் நோயாளிக்குக் கெடுதல் வராமல் காக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறதா என்பதிலேயே அவர்களது கண் இருக்கும்.

ஒரு மரணத்திலிருந்து எழுந்த கேள்விகள்

இந்த வகைப் பரிசோதனையை விரிவாக வகுத்து, அறிக்கைகளை யாரும் வாசிக்கும்படி வெளியிடும் நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. கொழும்புத் தமிழருக்கு அது தெரியாத ஊரும் இல்லை. ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ஒரு சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அங்கே குடும்ப டொக்டர்களின் வழமையான நேரம் வார நாட்களில் காலை 8 மணியிலிருந்து மாலை 6.30 வரை. அதற்குப் பிறகும், சனி ஞாயிறுகளிலும், பொது விடுமுறைகளிலும் வேறொரு சேவை பொறுப்பெடுக்கும். 111 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அங்கே வழிகாட்டி விடுவார்கள்.

2008 பெப்ரவரியில், கேம்பிரிட்ஜ்ஷயரில், சிறுநீரகக் கல் வலியால் துடித்த 70 வயது நோயாளி ஒருவரின் வீட்டுக்கு அப்படியொரு சேவையிலிருந்து டொக்டர் போனார். அவர் ஜேர்மனியில் தொழில் பார்ப்பவர். பிரிட்டனில் அதுதான் அவரது முதல் கடமை. வலிக்கு டயமோர்பின் என்ற மிக வீரியமான வலிநிவாரணி ஊசி போட்டார். போட்டது 100 மில்லிகிராம். பரிந்துரைக்கப்பட்ட உச்ச அளவின் பத்து மடங்கு. நோயாளி இறந்துபோனார். 2010இல் முடிந்த மரண விசாரணை அதைச் சட்டவிரோதமான மரணம் என்று தீர்ப்பளித்தது.

பிழை அந்த டொக்டருடையது. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த நோயாளியைக் காப்பாற்ற முடியாது. அவருக்குப் பழக்கமில்லாத மருந்து அவர் கைக்கு எப்படி வந்தது? அவ்வளவு வீரியமான அளவு வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் ஏன் இருந்தது? புதிதாக வந்தவருக்கு உள்ளூர் நடைமுறையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர் போதுமான அளவு தூங்கிவிட்டுத்தான் வந்தாரா என்று யாராவது கேட்டார்களா? இன்றைக்கு ஒரு பரிசோதகர் எந்த அவசர சேவை நிலையத்துக்குள் நுழைந்தாலும் இதே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார். பரிசோதனைப் பட்டியலில் உள்ள வரிகள் சலிப்பூட்டும் கடதாசி வேலையாகத் தெரியலாம். அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒரு வீட்டில் நடந்த செத்தவீடு இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்வது பராமரிப்புத் தர ஆணைக்குழு, சுருக்கமாக சி.கியூ.சி. 2009இல் தொடங்கியது. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பல் வைத்தியம், அவசர சேவை என எதுவானாலும் ஐந்து கேள்விகள் கேட்கும்: பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா. பிறகு, பல் வைத்தியம் போன்ற சில தவிர்ந்த மற்றவற்றுக்கு நான்கில் ஒரு தரம் கொடுப்பார்கள்: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. 2015 ஏப்ரல் முதல் அந்தத் தரத்தை நோயாளிகள் பார்க்கும்படி வைப்பது சட்டக் கடமை.

ஐந்து கேள்விகளுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப் போவதில்லை. முதலாவதுக்குத்தான் கூடுதல் இடம். அவசர சேவையில் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பாதுகாப்பு: அலுமாரியைத் திறந்து பார்ப்பது

பரிசோதகர் உள்ளே வந்ததும் டொக்டரைத் தேடிப் போகமாட்டார். பெரும்பாலும் முதலில் நிற்பது வரவேற்பு மேசையில். அங்கிருக்கும் பிள்ளையிடம் கேட்பார்: “நெஞ்சுக்குள்ள நோகுது, வேர்க்குது என்று ஒருத்தர் வந்தா நீங்கள் என்ன செய்வீங்கள்?” நம்பர் கொடுத்து இருக்கச் சொல்வேன் என்று பதில் வந்தால் அதுவே பெரிய குறைபாடு. கொழும்பில் பெரும்பாலான இடங்களில் வந்த ஒழுங்கில்தான் நம்பர். அதில் நியாயம் உண்டு, ஆனால் நெஞ்சு நோவோடு வந்தவர் 27ஆம் நம்பரோடு மூலையில் இருந்தால் அந்த நியாயம் ஆளைக் கொன்றுவிடும். மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, சோர்ந்து துவண்டுபோன குழந்தை, நிற்காத இரத்தம்: இவற்றைக் கண்டால் வரிசையை உடைத்து உள்ளே அனுப்ப வேண்டும் என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி, சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடுத்தது அவசர மருந்துத் தட்டும் ஒக்சிஜனும். சிலிண்டர் இருக்கிறதா என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் “இருக்கு” என்றுதான் பதில். அனுபவமுள்ள பரிசோதகர் அதோடு விடமாட்டார். “திறந்து காட்டுங்கோ” என்பார். நேர்ஸ் சிலிண்டரை நெருங்குகிறார். அதைத் திறக்கும் சாவி அதில் தொங்கவில்லை. மேசை லாச்சியில் தேடுகிறார்கள், பிறகு மற்ற அறையில். சாவி கிடைக்கும்போது மானியில் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே. முகமூடி பெரியவர்களுக்கானது மட்டும், குழந்தைக்குரியது இல்லை. இத்தனை நாளும் அந்தச் சிலிண்டர் “இருந்தது”. உயிரைக் காப்பாற்றும் நிலையில் இருக்கவில்லை. அந்தத் தேடலில் போகும் இரண்டு மூன்று நிமிடம்தான் பரிசோதகர் எழுதும் குறிப்பு.

ஊசி போடும் எந்த இடத்திலும் அட்ரினலின் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்து ஒவ்வாமல் உடல் திடீரென்று நிலைகுலையும்போது உயிர் மீட்கும் முதல் மருந்து அதுதான். பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ளதில் 0.5 மில்லிலீட்டர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். இந்த அளவு சுவரில் எழுதித் தொங்க வேண்டும், ஏனென்றால் அந்த நிமிடத்தில் கைநடுக்கத்தோடு யாரும் புத்தகம் புரட்ட முடியாது. அம்புல் காலாவதியாகவில்லையா, கடைசியாக யார் எப்போது பார்த்துக் கையெழுத்திட்டார், டொக்டர் மேல்மாடியில் இருக்கும்போது நேர்ஸ் அதைப் போடலாமா என்று எழுத்தில் தீர்மானித்திருக்கிறார்களா? இவ்வளவும் கேட்கப்படும்.

பிறகு பிரிட்ஜ். இன்சுலின், ஏற்பூசி, விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசி எல்லாம் 2 பாகைக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடினாலும் கெடும், உறைந்தால் பல தடுப்பூசிகள் பயனற்றுப் போகும், வெளியே பார்க்க அப்படியே இருக்கும். அதனால் வெப்பநிலையைத் தினமும் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார்கள். பரிசோதகர் அந்தப் புத்தகத்தைப் புரட்டும் விதமே வேறு. மாதம் முழுவதும் 4, 4, 4, 4 என்று ஒரே பேனையால், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். உண்மையான பிரிட்ஜ் அப்படி நடந்துகொள்ளாது. ஒருநாள் 3.5, ஒருநாள் 6, ஒருநாள் 9 என்று எழுதி, பக்கத்தில் “கதவு சரியாகப் பூட்டவில்லை, தடுப்பூசிகளைத் தனியே எடுத்து வைத்தோம், கேட்டுவிட்டுத்தான் பாவிப்போம்” என்று குறிப்பிருந்தால் அவர் மகிழ்ச்சியடைவார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் உங்கள் பிரிட்ஜில் இருந்தவற்றுக்கு என்ன நடந்தது என்ற ஒரே கேள்வியில் ஒரு நிலையத்தின் நேர்மையை அளந்துவிடலாம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் மனக்குறை உள்ள விஷயம்: குளிசை உறை. பல டிஸ்பென்சரிகளில் டொக்டரே மருந்தும் தருவார். சின்ன உறைகளில் வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை, பாதி உடைத்த ரோஸ் குளிசை. உறையில் எழுதியிருப்பது மூன்று கோடுகள் அல்லது “1+1+1”. மருந்தின் பெயர் இல்லை, நோயாளியின் பெயர் இல்லை, திகதியும் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படியான உறைகள் வந்திருக்கின்றன. அன்றிரவு வருத்தம் கூடி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், “என்ன மருந்து குடிச்சீங்கள்?” என்ற கேள்விக்கு “ஒரு வெள்ளைக் குளிசை டொக்டர்” என்பதுதான் நம் பதில். ஏற்கெனவே குடித்ததையே திரும்பக் கொடுத்துவிடும் ஆபத்து அங்கேயே தொடங்குகிறது. பெயர், மருந்து, அளவு, திகதி என்று நாலு வரி எழுதிய உறையைத் தருவதற்குப் பெரிய செலவில்லை. பரிசோதனை நடக்கும் எந்த நாட்டிலும் இது சின்னக் குறையாக எடுக்கப்படாது.

குழந்தைகளுக்கு மருந்தளவு வயதைவிட நிறையைப் பொறுத்தது. பரசிற்றமோல் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுப்பார்கள். அப்படியானால் குழந்தையை நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறது, எழுதிய துண்டில் நிறை குறிக்கப்பட்டிருக்கிறதா? தராசு ஒரு மூலையில் பெட்டிகளுக்குக் கீழே கிடந்தால் அந்த இடத்தில் யாரும் நிறுப்பதில்லை என்று பரிசோதகருக்குப் புரிந்துவிடும்.

பாவித்த ஊசிகளைப் போடும் பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடப்பட வேண்டும். கை கழுவும் தொட்டியில் சவர்க்காரம் இருக்க வேண்டும். டொக்டரின் பதிவு உண்மையானதா என்று இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்களா என்பதும் கேட்கப்படும். போலி வைத்தியர் பிடிபட்டார் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் அவரைத் திட்டுகிறோம்; வேலைக்கு எடுத்த இடம் பதிவேட்டைப் பார்த்ததா என்று கேட்பவர் குறைவு.

பலன்: ஒரு டெங்குக் காய்ச்சலின் தடத்தைப் பிடிப்பது

அவேடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவ அறிஞர் 1966இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றுவரை இந்தத் துறைக்கு அடித்தளம். தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், என்ன விளைந்தது. முட்டுக்காரருக்கு ஆவி கொடுக்கும் இயந்திரம் இருப்பது முதலாவது. ஒவ்வொருவருக்கும் புதிய முகமூடி போட்டு, சரியான அளவு மருந்து விட்டு, முடிந்ததும் ஒக்சிஜன் அளவைத் திரும்பப் பார்ப்பது இரண்டாவது. மூச்சு இறங்கி, அன்றிரவே திரும்பி ஓடிவராமல் நோயாளி நிம்மதியாகத் தூங்கியது மூன்றாவது. முதலாவதை மட்டும் எண்ணிவிட்டுப் போகும் பரிசோதனை மிகவும் சுலபம். அதனால் பயனும் குறைவு.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்க்கப் பதிவுகளுக்குள் போக வேண்டும். கொழும்பில் இதற்கு டெங்குவைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்குச் சந்தேகத்தோடு பதிவானார்கள். மேல் மாகாணம்தான் அதிகம் தாங்கியது. இந்த நோயில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் விடும்போது வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். சிலருக்கு ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, பிரஷர் இறங்கும். ஆகவே காய்ச்சல் நோயாளி ஒருவரை ஐந்து நிமிடம் பார்த்து அனுப்பும் இடத்தில், அந்த ஐந்து நிமிடத்துக்குள் சில விஷயங்கள் தவறாமல் நடக்க வேண்டும்.

பரிசோதகர் காய்ச்சலோடு வந்த ஒரு தொகை நோயாளிகளின் பதிவுகளை எடுப்பார். ஒரு மாதத்தில் வந்தவர்களில் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். இத்தனையாவது நாள் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறதா? மூன்றாம் நாளாகியும் இரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? டெங்குச் சந்தேகம் உள்ளவருக்கு டிக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற வலிக்குளிசையோ ஊசியோ கொடுத்திருக்கிறார்களா? இவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை, பரசிற்றமோல் மட்டும்தான் கொடுக்கலாம். கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: எப்போது திரும்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களா? வயிற்று நோவு, நிற்காத சத்தி, முரசில் இரத்தம், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல், தூங்கி வழிதல் ஆகிய அறிகுறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு துண்டில் கொடுத்தால் அது இரண்டு வேளை மருந்தைவிடப் பெறுமதி. அவசர சேவையில் டொக்டர் நோயாளியை ஒருமுறைதான் பார்க்கிறார். அடுத்த இரவைக் காவல் காப்பது வீட்டுக்காரர்தான். காவலாளிக்கு என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் விடுவது பாதி வைத்தியம்.

ஐம்பதில் பன்னிரண்டு பேருக்கு நாள் கணக்கு எழுதப்படவில்லை என்று தெரிந்தால் அடுத்து என்ன? படிவத்தில் ஒரு கட்டம் போடுகிறார்கள், எல்லோருக்கும் சொல்கிறார்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொரு ஐம்பதை எடுத்துப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு மூன்றாகக் குறைந்ததா? இந்தச் சுற்றைத்தான் மருத்துவக் கணக்காய்வு என்பார்கள். ஒருமுறை எண்ணிவிட்டு அலுமாரியில் வைத்தால் அது கணக்காய்வு ஆகாது. இரண்டாவது எண்ணிக்கையில்தான் அதன் உயிர்.

இங்கிலாந்தில் குடும்ப டொக்டருக்கு அடுத்த வேலை நாளே தகவல் போக வேண்டும் என்பதும் ஒரு அளவுகோல். நமக்குப் பெரும்பாலும் நிலையான குடும்ப டொக்டர் என்ற ஏற்பாடு இல்லை. நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பிதான் தகவல் பாலம். அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி: இன்று என்ன கண்டீர்கள், என்ன கொடுத்தீர்கள் என்று அந்தக் கொப்பியில் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதித் தருகிறீர்களா?

பரிவும் மொழியும்

திரைச்சீலை இழுக்காமல் ஊசி போடுவது, வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி “எத்தனை மாசமா மாதவிடாய் வரேல்ல?” என்று கேட்பது எல்லாம் பரிவுக் குறைபாடுகள். பரிசோதகர் இவற்றைக் காத்திருக்கும் இடத்தில் சும்மா உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

தேவைக்கு ஈடுகொடுப்பது என்ற கேள்வியில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், காத்திருக்கும் நேரம், முறைப்பாட்டுக்குப் பதில் எல்லாம் வரும். கொழும்பில் அதற்கு முன்னால் நான் மொழியை வைப்பேன். அம்மம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, டொக்டருக்குத் தமிழ் தெரியாது. இடையில் ஒன்பதாம் வகுப்புப் பேத்தி மொழிபெயர்க்கிறாள். அம்மம்மா தன் சிறுநீர்ப் பிரச்சினையைப் பேத்தியின் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு “ஒண்டுமில்லை” என்கிறார். இதை மரியாதைக் குறைவு என்று மட்டும் எடுக்கக்கூடாது. நோய் கண்டுபிடிக்கும் முதல் வாசலே அங்கே அடைபட்டுப் போகிறது. ஒவ்வாமை இருக்கிறதா என்ற கேள்வி புரியாமல் “இல்லை” என்று தலையாட்டினால் அடுத்து வருவது ஊசி. அரச நிறுவனங்களில் தமிழில் தொடர்புகொள்ளவும் சேவை பெறவும் நமக்கு உரிமை உண்டு. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் அதை விரிவாக்கியது. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடும் செய்யலாம். மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறார்களா என்பதை இங்கே பாதுகாப்புக் கேள்வியோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நிர்வாகம்: வெறுமையான புத்தகம்

எந்த இடத்திலும் பிழை நடக்கும். அது தெரிந்த நிர்வாகம் ஒரு சம்பவப் புத்தகம் வைத்திருக்கும்: மருந்து மாறிக் கொடுக்கப் பார்த்தோம், கடைசி நேரத்தில் கண்டுபிடித்தோம், ரிப்போர்ட் இன்னொருவரின் உறைக்குள் போய்விட்டது. பரிசோதகர் கேட்கும்போது வெறுமையான புத்தகத்தை நீட்டி “எங்களிடம் எந்தப் பிழையும் நடப்பதில்லை” என்று சொல்லும் இடத்தைத்தான் அதிகம் பயந்து பார்க்க வேண்டும். அங்கே பிழை நடக்காமல் இல்லை. எழுதினால் ஏச்சு விழும் என்று நேர்ஸ் பயப்படுகிறார். நிரம்பிய புத்தகமும், ஒவ்வொரு பதிவுக்கும் கீழே “இனி இப்படிச் செய்வோம்” என்ற முடிவும் இருந்தால் அந்த இடத்தை நம்பலாம்.

இதை வெளிநாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். பொரளைக்குப் பக்கத்தில் உள்ள காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி 2000ஆம் ஆண்டளவில் ஜப்பானியரின் 5எஸ் முறையைக் கையிலெடுத்தது. வேண்டாததை அகற்று, வேண்டியதை இடம் குறித்து வை, துப்புரவாக்கு, அதை நியமமாக்கு, பழக்கமாக்கு: இவ்வளவுதான் அது. பிறகு ஜப்பானிய உதவி நிறுவனமான ஜைக்கா ஆபிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டியது இந்தக் கொழும்பு ஆஸ்பத்திரியைத்தான். சிலிண்டர் சாவி எங்கே என்று தேடும் பிரச்சினைக்கு நம் ஊரிலேயே மருந்து கண்டிருக்கிறார்கள்.

இங்கே யார் பார்க்கிறார்கள்?

அரச ஆஸ்பத்திரிகளுக்குச் சுகாதார அமைச்சில் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் தனிப் பணிப்பாளர் பிரிவு உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் தர முகாமைத்துவப் பிரிவுகளும் உண்டு. தனியார் பக்கம் 2006இன் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். ஆஸ்பத்திரி, மெடிக்கல் சென்டர், ஆய்வுகூடம், தனி டொக்டரின் டிஸ்பென்சரி எல்லாம் அதன்கீழ் பதிய வேண்டும். பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இதைக் கவனிப்பது தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபை, மாகாணச் சுகாதாரப் பணிப்பாளர்களோடு சேர்ந்து. உள்ளே போனதும் சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறதா, அதில் உள்ள வருடம் இந்த வருடமா என்று பாருங்கள். பார்ப்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பதிவும் தர மதிப்பீடும் ஒன்றல்ல. கதவைத் திறக்கத் தகுதி உண்டு என்பதைப் பதிவு சொல்லும். உள்ளே இன்றைக்கு எப்படி நடக்கிறது என்பதை மதிப்பீடுதான் சொல்லும். லண்டனில் உள்ள மாமா தன் வீட்டுப் பக்கத்து நிலையத்தின் அறிக்கையைப் போனில் வாசிக்கலாம். எந்த அலுமாரியில் எந்த மருந்து காலாவதியாகிக் கிடந்தது என்பது வரை அதில் இருக்கும். கொழும்பில் நாம் போகும் இடத்துக்கு அப்படி வாசலில் ஒட்டிய தரம் கிடையாது. இங்கே நடக்கும் பரிசோதனைகளின் முடிவுகளும் வெளியே வரவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வெளியிட்டால் டொக்டர்களின் பெயர் கெடும் என்று சொல்பவர்கள் உண்டு. கெடாது, ஒழுங்காக நடத்தும் பல டொக்டர்களுக்கு அதுதான் உரிய மரியாதையைக் கொண்டுவரும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பகிரங்க அதிகாரசபை ஒன்றின் தகவல் அலுவலரிடம் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. முறைப்பாடு எழுதுவதானால் “அந்த இடம் சரியில்லை” என்று பொதுவாக எழுதாமல், பரிசோதகர் எழுதுவதுபோல எழுதுங்கள்: திகதி, நேரம், என்ன கேட்டீர்கள், என்ன பதில், என்ன மருந்து, உறையில் என்ன எழுதியிருந்தது. உறையை எறியாமல் படம் எடுத்து வையுங்கள். முதலில் அந்த நிலையத்துக்கே எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கி, பதில் வராவிட்டால் ஒழுங்குபடுத்தும் சபைக்கு அனுப்பலாம்.

நெஞ்சு நோவு, முகம் கோணுதல், வலிப்பு, பெரிய விபத்து ஆகியவற்றுக்கு டிஸ்பென்சரி எதையும் தேடவேண்டாம். 1990க்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது, காசு இல்லை. வீட்டு இலக்கத்தோடு பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம், சந்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் இரவில் வீடு கண்டுபிடிப்பது லேசில்லை.